பி.ஏ. வரலாறு: ஆறாம் பருவத்திலிருந்து பின்னோக்கிப் போட்ட ஒரு திட்டம்

"பாடத்திட்டத்தை அவங்களே குடுத்துடுறாங்க, இதுல நாம திட்டம் போட என்ன சார் இருக்கு?" அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேருகிற பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இது. பாதி நியாயமான கேள்விதான். டெல்லியிலோ வெளிநாட்டிலோ படிக்கிறவர்களைப் போல இருபது முப்பது பாடங்களின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிற வசதி நம் பக்கத்தில் இல்லை. 6 பருவம், சுமார் 140 கிரெடிட், அதில் பெரும்பகுதி எல்லாருக்கும் ஒன்றுதான். பார்ட் ஒன் மொழிப்பாடம், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் முதன்மைப் பாடங்களும் அலைடு என்கிற துணைப்பாடமும் எலெக்டிவ் என்கிற விருப்பப்பாடமும், அப்புறம் திறன் பாடங்கள், சுற்றுச்சூழல், என்.எஸ்.எஸ். வகையறா. ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75.

ஆனால் மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் கட்டத்துக்குள்ளும் மாணவர் கைக்கு வருகிற இடங்கள் சில உண்டு: எந்த மொழிவழியில் சேருவது, பிற துறை விருப்பப்பாடமாக எதை எடுப்பது, விடுமுறைப் பயிற்சிக்கு எங்கே போவது, இன்டர்னல் அசைன்மெண்ட்டை எதைப் பற்றி எழுதுவது, கடைசிப் பருவத்து ஆய்வேடு என்ன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன முடிவு. அதனாலேயே யாரும் யோசிக்காமல், சீனியர் சொன்னதையோ மார்க் சுலபமாக விழுவதையோ வைத்து நிரப்பிவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே நோக்கத்துக்காகச் செலவழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாணவியின் மூன்று வருடங்களை விவரமாக எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் வட்டத்துப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்வழி, முழுக்க அரசுப் பள்ளி.

சேரும்போதே எடுக்க வேண்டிய முடிவு

சேர்க்கைக்கு முன்னால் அப்பாவும் மகளுமாக வந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரே எண்ணம், பி.எட். முடித்துப் பிள்ளை டீச்சராக வேண்டும். அவளுக்குக் கீழடிச் செய்திகளைப் படித்துப் படித்துத் தொல்லியல் ஆசை. 2015இல் அங்கே அகழாய்வு தொடங்கிய பிறகு இந்த ஆசையோடு வரலாற்றுத் துறை வாசலுக்கு வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், அது எனக்கு மிகுந்த சந்தோஷம். "இங்கிலீஷ் மீடியத்துல சேத்தா பின்னாடி நல்லதுன்னு சொல்றாங்க, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் அப்பா.

இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் பன்னிரண்டு வருடத் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. பி.ஏ.வை ஆங்கிலவழியில் சேர்ந்தால் பட்டப்படிப்புத் தகுதி கேட்கிற பதவிகளுக்கு அவ்வளவும் பயனில்லாமல் போய்விடும். குரூப் 1, குரூப் 2 எழுதுகிற எண்ணம் துளியாவது இருந்தால் இதைக் கணக்கில் எடுக்காமல் சேர்க்கைப் படிவத்தில் டிக் போடக்கூடாது.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டு வரலாற்றின் மூலங்கள் தமிழில் இருக்கின்றன, அவற்றைப் பற்றிய அறிக்கைகளும் அட்டவணைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்தால் மூலபாடம் தமிழ், முன்குறிப்பு ஆங்கிலம். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் ஆங்கிலம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மானுவல், அதாவது சமஸ்தானத்தைப் பற்றிய விவரக் கையேடு, அதுவும் ஆங்கிலம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் ஆங்கிலத்தில் படித்துப் பழகியிருக்க வேண்டும். தேர்வைத் தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலம் பக்கமே போகாமல் மூன்று வருடத்தைக் கழித்த நல்ல மாணவர்கள், எம்.ஏ.வில் முதல் செமினாருக்கே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் போட்ட ஏற்பாடு இது. பட்டம் தமிழ்வழி. ஆங்கிலத்தைப் படிப்பதற்காக மட்டும் வளர்ப்பது, பேச்சு அது இதெல்லாம் பிறகு. வாரத்துக்கு இரண்டு பக்கம், கல்வெட்டு அறிக்கையிலிருந்தோ மானுவலிலிருந்தோ, கையில் அகராதியோடு. பார்ட் டூ பாடப்புத்தகத்தில் வருகிற கதை கவிதையை விட இது அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது, ஏனென்றால் அந்தப் பக்கங்களில் வருகிற ஊர்ப் பெயர்களெல்லாம் அவள் பஸ்ஸில் கடந்துபோகிற ஊர்கள். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் படிக்கும்போது பயம் குறைகிறது. இந்த ஒரு பழக்கத்தை எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லுவேன்.

அப்பாவின் கவலைக்கும் பதில் இருந்தது. வரலாறு பி.ஏ.வோடு பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டையும் முடித்தால் பட்டதாரி ஆசிரியர் வழி திறந்தேதான் இருக்கும். பி.எட். சேர்க்கைக்குக் குறைந்தபட்ச சதவீதம் உண்டு, பொதுப்பிரிவுக்கு 50, மற்றவர்களுக்குச் சலுகை. அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மூன்று வருடத்தையும் அதற்கென்றே செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சில கல்லூரிகளில் பட்டத்தின் பெயரே 'வரலாறும் சுற்றுலாவும்' என்பது போல ஒட்டுப்பெயராக இருக்கும். அதைப் பணி நியமனத்தில் பி.ஏ. வரலாற்றுக்கு இணையாக ஏற்கிறார்களா என்பதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மூன்று வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்றுகொண்டு இதைத் தேடுவது ரொம்பக் கொடுமை.

கடைசியை முதலில் வைத்தது

முதல் பருவத்து நடுவிலேயே ஆய்வேட்டுத் தலைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். பல துறைகளில் ஆறாம் பருவம் தொடங்கியதும்தான் தலைப்பு கேட்பார்கள், இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு கோயிலின் தல வரலாற்றை எடுத்து, படம் ஒட்டி, பைண்டிங் செய்து கொடுத்துவிடுவார்கள். அதில் மாணவர் சொந்தமாகச் சொன்ன வரி ஒன்றுகூட இருக்காது. ஒரு மூலத்தைத் தானே படித்து, அதிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு தடவையாவது முடிவெடுத்த அனுபவம் இல்லாமல் வரலாற்றுப் பட்டம் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆகவே ஆய்வேடு எதுவோ, அதற்குத் தேவையான கருவிகளை ஐந்து பருவங்களில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அவள் முதலில் சொன்ன தலைப்பு 'புதுக்கோட்டை மாவட்ட நீர்நிலைகள்'. அது முனைவர் பட்டத்துக்கே பெரிசு. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த சமஸ்தானம், 1974இல் தனி மாவட்டம் ஆனது. சமஸ்தான காலத்திலேயே, 1929இல், தங்கள் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாகத் தொகுத்து அச்சிட்டுவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் ஒரே தொகுப்பில்! ஒரு இளங்கலை மாணவிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. மூலம் அச்சில் இருக்கிறது, கல் பஸ் தூரத்தில் இருக்கிறது. அதனால் தலைப்பு சுருங்கிச் சுருங்கி, குளத்தூர் வட்டத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் குளமும் மடையும் குமிழியும் (குளத்துக்கு உள்ளேயே இருக்கிற மதகு) எப்படிப் பேசப்படுகின்றன என்கிற அளவுக்கு வந்தது. அந்தப் பக்கம் வறண்ட பூமி, மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்தால்தான் வெள்ளாமை. குளத்துக்குள் குமிழிக்காக நட்ட கல்தூண்களிலேயே எழுத்து வெட்டியிருப்பார்கள். ஏரியைப் பராமரிக்க நிலம் விட்டுக்கொடுத்து, அதற்கு ஏரிப்பட்டி, குளப்பட்டி என்று பெயர் வைத்திருப்பார்கள். அவளுக்குத் தன் ஊர்க் குளத்தங்கரையிலிருந்தே கேள்வி எழும்புகிற இடம் இது.

பிறகு மற்ற முடிவுகள் தானாக வரிசைக்கு வந்தன. பிற துறை விருப்பப்பாடத்துக்கு அவளோடு சேர்ந்தவர்கள் மார்க் வருகிற பக்கம் போக, அவள் தமிழ்த் துறை நடத்திய கல்வெட்டு அறிமுகத்தை எடுத்தாள். பார்ட் ஒன் தமிழில் இலக்கணப் பகுதியை ஒப்புக்குப் படிக்காமல் புணர்ச்சி விதிகளை ஒழுங்காகப் படித்தாள். திறன் பாடத்தில் கணினி வந்தபோது, அங்கே சொல்லிக்கொடுத்த விரிதாளில் சம்பளப் பட்டியல் போடுவதற்குப் பதிலாகத் தொகுப்பிலிருந்த கல்வெட்டுகளை வரிசைப்படுத்தினாள்: ஊர், அரசர், ஆட்சியாண்டு, கொடுத்தவர், கொடுத்தது, எதற்காக, எல்லை. அலைடு பாடத்தைப் பெரும்பாலும் துறையே முடிவு செய்துவிடும். அவளுக்கு அரசியல் அறிவியல் வந்தது, அரசமைப்புப் பகுதி போட்டித் தேர்வுக்கு உதவும், அவ்வளவுதான்.

ஒரு வரியைப் படிக்கிறது

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான படிப்பு தொடங்கியது என்று சொல்வேன். அச்சிட்ட பாடத்தைப் பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். கல்லின் முன்னால் போய் நின்றால்தான் பிரச்சனை. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் குழப்பும். வடசொல் வந்தால் நடுவில் கிரந்த எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது.

மைப்படி எடுப்பதை, அதாவது கல்லிலுள்ள எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பதை, பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், தனியாகக் கிடந்த ஒரு பலகைக்கல்லில் பழகினாள். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் கல்லைத் தொடக்கூடாது, அங்கே கண்ணால் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும்தான். முதலில் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்த்துப் பாசியும் மண்ணும் போகக் கழுவ வேண்டும். நனைத்த தாளைச் சுருக்கம் விழாமல் கல்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். ஈரம் சரியான பதத்துக்குக் காய்ந்ததும் மையொற்றியால் மேலாக ஒற்றினால், மேட்டில் கறுப்பு ஏறும், பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமாக இருந்தால் மை பரவிக் கெட்டுவிடும், ரொம்பக் காய்ந்தால் தாள் எழும்பிக்கொள்ளும்.

இப்படி நாளெல்லாம் போராடி எடுத்ததில் 'கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு' (பரகேசரி என்கிற அரசனின் ஆட்சியாண்டு) என்று படித்துவிட்டு, ஆட்சியாண்டு எண்ணையும் கண்டுபிடித்துவிட்டு, "பராந்தகன் சார்" என்று வந்து நின்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்கிற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். விசயாலயனும் பரகேசரி, முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. 'மதுரை கொண்ட' என்கிற அடைமொழி முன்னால் இருந்தால் பராந்தகன் என்று தைரியமாகச் சொல்லலாம், அவன் 907இல் ஆட்சிக்கு வந்ததை வைத்து ஆண்டையும் கணக்குப் போட்டுவிடலாம். வெறும் பரகேசரி என்றால் எழுத்தமைதி என்கிற எழுத்தின் வடிவம், அதில் வருகிற அதிகாரிகளின் பெயர், ஆட்சியாண்டு எவ்வளவு உயரம் போகிறது, இதையெல்லாம் பார்த்த பிறகும் சில நேரம் ஆளைச் சொல்ல முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு விரிதாளில் அரசர் என்கிற கட்டத்தில் 'பரகேசரி, இன்னார் என அறுதியிட முடியவில்லை' என்று எழுதினாள். என் கண்ணுக்கு அந்தக் கட்டம்தான் அவள் மூன்று வருடத்தில் எழுதிய ஆகச் சிறந்த விடை. 75 மார்க் தாளில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்காது என்பது வேறு விஷயம். அந்தத் தாளில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 5 மதிப்பெண் ஐந்து, 10 மதிப்பெண் மூன்று. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதத்தான் அது கேட்கிறது.

இதனால்தான் வரலாற்றுவரைவியல் தாளை ஐந்தாம் ஆறாம் பருவத்துக்குத் தள்ளி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூலத்தை எப்படிச் சோதிப்பது, அகச்சான்று புறச்சான்று என்றால் என்ன என்பதை மாணவர் கடைசியில் படிக்கிறார், அதற்குள் பாதிப் பாடங்கள் மனப்பாடத்தில் முடிந்துவிடுகின்றன. வரிசையை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்தத் தாளின் மூல ஆய்வு அலகுகளை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே படித்துவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அவள் அப்படித்தான் படித்தாள்.

திட்டம் போட்டபடி நடக்காதவை

மூன்றாம் ஆண்டு எலெக்டிவில் தொல்லியலை எதிர்பார்த்திருந்தோம். வகுப்பில் பெரும்பாலானவர்கள் சுற்றுலாவைக் கேட்டார்கள், ஆள் சேராததால் தொல்லியல் அந்த வருடம் நடக்கவில்லை. காகிதத்தில் இருக்கிற எலெக்டிவ் எல்லாம் கல்லூரியில் இருக்கும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. போன இரண்டு வருடத்தில் எது உண்மையாகவே நடந்தது என்று துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றாக மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு தொல்லியல் பாடத்தைப் படித்தாள். ஜூலையிலும் ஜனவரியிலும் பாடங்கள் தொடங்கும், கிரெடிட்டாக மாற்ற வேண்டுமென்றால் கல்லூரியும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே ஏற்க வேண்டும். இவளுக்குக் கிரெடிட் வரவில்லை, படிப்பு வந்தது. விடுமுறைப் பயிற்சிக்குத் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம். 1910இல் தொடங்கியது, அவளுக்கு ஒரு பஸ் தூரம். பொருளுக்கு எண் போடுவது, பதிவேட்டில் ஒரு பொருளை அளவும் நிறையும் கிடைத்த இடமுமாக விவரிப்பது, இதுதான் வேலை. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பான வேலை. தொல்லியலுக்குப் போகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான்.

ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் அரியர் விழுந்தது. காரணம் வெளிப்படையானது, அந்தப் பருவம் முழுக்கக் கல்வெட்டிலேயே மூழ்கிவிட்டாள். இந்த மாதிரித் திட்டத்துக்கு இருக்கிற உண்மையான ஆபத்து இது. ஆர்வம் ஒரு பக்கம் இழுக்கும்போது மற்ற தாள்கள் பட்டினி கிடக்கும். அடுத்த தேர்வில் முடித்தாள், ஆனால் சராசரி கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகு ஆய்வு வேலைக்கு வாரத்தில் சனி ஞாயிறு மட்டும் என்று வகுத்துக்கொண்டாள். யு.பி.எஸ்.சி. ஆசை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே வரலாற்று விருப்பப்பாடம் தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள், இரண்டாவது தாளில் உலக வரலாறும் உண்டு. நம் ஊர்க் கல்வெட்டு மட்டும் அங்கே கரை சேர்க்காது.

ஆய்வேடு மெலிந்த புத்தகமாகத்தான் வந்தது. மற்றவர்களுடையது தடிமன். அவளுடையதில் அட்டவணையும், தானே நேரில் பார்த்த சில கற்களின் விவரமும், அச்சுப் பாடத்துக்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரிந்த இடங்களும், அறுதியிட முடியாதவற்றின் பட்டியலும் இருந்தன. நேர்முகத்தில் வெளித்தேர்வாளர் கிட்டத்தட்ட எல்லாக் கேள்வியையும் அந்தக் கடைசிப் பட்டியலிலிருந்தே கேட்டார். அவள் ஒன்றுக்கும் திணறவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியையும் எதனால் அங்கே போட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

எம்.ஏ.வுக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறையையும் பார்த்தோம். தஞ்சை வீட்டுக்குப் பக்கம், செலவு குறைவு, கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் துறை இருக்கிறது. அங்கே சேர்ந்திருக்கிறாள். சேருவதற்கு முன்னால் அந்தக் கோடை விடுமுறையில் ஒரு காரியத்தை முடித்துவிடச் சொன்னேன்: தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி, கல்லூரி என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் தமிழ்வழிச் சான்றிதழை உரிய படிவத்தில் வாங்கி வைத்துக்கொள்ள. தொடக்கப்பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கத்தான் கொஞ்சம் நாள் பிடித்தது. மற்றதெல்லாம் உடனே கிடைத்துவிட்டது.